இந்த வழியே போனவர்கள் யார்? ராமநாதபுரம் கரையோர இடிபாடுகளைத் தேடிப் போகப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ராமேஸ்வரம் கோயில், பாம்பன் பாலம், தனுஷ்கோடி, அரிச்சல்முனை. ராமநாதபுரம் கரைக்கு வருகிறவர்கள் இந்த நான்கையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு ராத்திரி ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் வடக்கே தொண்டியிலிருந்து தெற்கே மூக்கையூர் வரைக்கும் இந்தக் கரை நெடுகிலும் பெயர்ப்பலகை இல்லாத பழைய இடங்கள் கிடக்கின்றன. சீமைக்கருவேலங்காட்டுக்குள் பாதி மறைந்த சத்திரச் சுவர், ஊருணிக் கரையில் சாய்ந்து நிற்கும் எல்லைக்கல், பள்ளிவாசல் பக்கத்தில் எழுத்து தேய்ந்த கபுருக் கல், அதாவது முஸ்லிம் கல்லறைக் கல். இவை என்ன, எப்போது வந்தன என்று தாமே தேடிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொல்லியல் பட்டம் வேண்டாம். நோட்டு ஒன்று, கொஞ்சம் பொறுமை, வெயில் தாங்கும் உடம்பு இருந்தால் ஆரம்பிக்கலாம்.

எந்த இடிபாட்டுக்கு முன்னால் போய் நின்றாலும் முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த வழியாக யார், எங்கே போய்க்கொண்டிருந்தார்கள்? அந்தப் போக்குவரத்து ஏன் நின்றது? "யார் கட்டியது" என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கரையில் பெரும்பாலான இடிபாடுகள் ஏதோ ஒரு பாதையின் மிச்சம். கப்பல் பாதை, யாத்திரைப் பாதை, ரயில் பாதை. பாதை இடம் மாறியதும் ஊர் காலியானது. இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் ஒரு குட்டிச்சுவருக்குக்கூட விலாசம் கிடைத்துவிடும்.

முதல் வேலை: கண்ணைப் பழக்குவது

காட்டுக்குள் இறங்குவதற்கு முன் ராமநாதபுரம் அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசத்துக்குப் போங்கள். மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் அருங்காட்சியகமாக இருக்கிறது. போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்த மன்னர் கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம்; சேதுபதி என்பது ராமநாதபுரத்தை ஆண்டவர்களின் பட்டம். உள்ளே சுவர் முழுக்க 18ஆம் நூற்றாண்டு ஓவியங்கள். ராமாயணமும் பாகவதமும் ஒரு பக்கம். தஞ்சை மராட்டியப் படையோடு நடந்த சண்டையும், தொப்பி போட்ட ஐரோப்பியர்கள் மன்னரைப் பார்க்க வந்த காட்சியும் இன்னொரு பக்கம். 1798 செப்டம்பரில் கட்டபொம்மன் கலெக்டர் ஜாக்சனைச் சந்தித்ததும் இங்கேதான்.

ஓவியத்தைப் பார்த்த கையோடு வெளியே வந்துவிடாதீர்கள். அழகன்குளத்தில் தோண்டி எடுத்த பொருள்கள் இங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. புதியவர்களுக்கு அதுதான் பாடம். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது அழகன்குளம். 1980களில் தொடங்கிப் பல கட்டங்களாக மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்திருக்கிறது. ரோமானியக் காசுகள், மதுச்சாடித் துண்டுகள், தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து கீறிய ஓடுகள், கப்பல் உருவம் கீறிய ஓடு ஒன்று எனக் கிடைத்தவை பல. கறுப்பு-சிவப்பு ஓடு எப்படி இருக்கும் என்று நிதானமாகப் பாருங்கள்: உள்பக்கமும் வாய் விளிம்பும் கறுப்பு, வெளியே சிவப்பு. ரௌலட் ஓட்டில் தட்டின் உள்பக்க அடியில் பொடிப்பொடிக் கீறல்கள் வட்டம் வட்டமாக ஓடும். இந்த இரண்டும் மனதில் பதிந்துவிட்டால், நேற்று உடைந்த பானையையும் ஈராயிரம் வருஷத்துப் பானையையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் அங்கே உள்ளவர்களிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

சுவரைப் படிப்பது

இந்தக் கரைக்கென்று ஒரு கட்டுமானப் பொருள் உண்டு: பவளப்பாறைக் கல். தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவரை ஒரு முழத் தூரத்தில் நின்று பாருங்கள். பூச்சு உதிர்ந்த இடங்களில் கல்லின் மேல் மூளை மடிப்பு மாதிரி வளைந்து வளைந்து கோடுகள் தெரியும்; சில கற்களில் தேன்கூட்டுக் கண்கள். கடலுக்குள் வளர்ந்த பவளத்தை வெட்டி, காயவைத்து, சுண்ணாம்புக் காரையில் பதித்துக் கட்டியிருக்கிறார்கள். மலை இல்லாத தீவில் வேறு கல்லுக்கு எங்கே போவது? பவளக்கல் சுவர் தெரிந்தால், கடலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருந்தவர்கள் கட்டியது என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்லலாம். கருங்கல் தெரிந்தால், யாரோ செலவு செய்து தூரத்திலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். அரசரோ, கோயிலோ, பெரிய வணிகரோ பின்னால் இருக்க வாய்ப்பு உண்டு. சிறிய தட்டைச் செங்கல்லும் சுண்ணாம்பும் பெரும்பாலும் சேதுபதி, நாயக்கர் காலத்துப் பக்கம் கைகாட்டும். சிமெண்ட் தெரிந்தால் 20ஆம் நூற்றாண்டு, அல்லது பழைய சுவரில் பின்னால் செய்த ஒட்டுவேலை.

ஒட்டுவேலைதான் ரொம்பப் பேரை ஏமாற்றும். ஒரு கட்டடம் முழுக்க ஒரே காலத்தது என்று எண்ணிவிடாதீர்கள். சன்னல் மட்டும் பிந்தி வைத்ததாக இருக்கலாம். படிக்கட்டில் கிடக்கும் கல் வேறு எங்கோ இடிந்த கோயிலின் கல்வெட்டாக இருக்கலாம். துவைக்கிற கல், வாசற்படி, கிணற்று மேடை, இந்த மூன்றையும் குனிந்து பார்ப்பதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கீழக்கரை ஜும்மா பள்ளிக்குப் போனால் இன்னொரு பாடம் கிடைக்கும். வள்ளல் சீதக்காதியின் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும், 17ஆம் நூற்றாண்டுக் கல் கட்டடம். தூணும் அதன் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகையும் கோயில் மண்டபத்தில் பார்ப்பது போலவே இருக்கும். உருவச் சிற்பம் மட்டும் இராது, பூவும் கொடியுமாக வேலைப்பாடு. கிழவன் சேதுபதிக்கு நெருங்கியவர், உமறுப் புலவரை ஆதரித்தவர் சீதக்காதி. கோயிலுக்கும் பள்ளிக்கும் கல் செதுக்கியது இந்த மண்ணின் தச்சர் மரபுதான் என்பதைத் தூணே சொல்லிவிடும். தொழுகை நேரத்தில் போகாதீர்கள், வெள்ளிக்கிழமை மதியம் வேண்டவே வேண்டாம். பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பெண்கள் போவதானால் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

எழுத்தும் ஆண்டுக் கணக்கும்

கல்லில் எழுத்து தெரிந்ததும் சுண்ணாம்புத் தூள், மாவு, எண்ணெய் எதையும் தடவாதீர்கள். கல்லுக்கும் கேடு, எழுத்துக்கும் கேடு. காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ வெயில் சாய்ந்திருக்கும்போது போனால் எழுத்து தானாக எழுந்து நிற்கும். நிழலில் உள்ள கல்லென்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். அளவுகோலை ஓரத்தில் வைத்து ஒரு படம், இல்லாமல் ஒரு படம். மையொற்றிப் படி எடுப்பது அனுமதி பெற்றவர்கள் செய்யும் வேலை. நமக்குப் படம் போதும்.

முழுவதையும் வாசிக்க முடியாவிட்டால் பரவாயில்லை, ஆண்டைத் தேடுங்கள். சேதுபதி காலத்துக் கல்வெட்டு, செப்பேடுகளில் சகாப்தம், அதாவது சக ஆண்டு, போட்டிருக்கும். அதோடு 78ஐக் கூட்டினால் கிட்டத்தட்ட ஆங்கில ஆண்டு. சகாப்தம் 1637 என்றால் 1715 வாக்கில். எண்கள் தமிழ் எண்ணாக இருக்கும். ௧ முதல் ௯ வரையும், ௰, ௱, ௲ மூன்றும் பழகிக்கொள்ள ஒரு சாயங்காலம் போதும். பிரபவ, விபவ என்று வருடப் பேர் மட்டும் இருந்தால் அவசரப்படாதீர்கள். அறுபது வருஷத்துக்கு ஒரு முறை அதே பேர் வரும்: பிரபவ 1867லும் உண்டு, 1927லும் உண்டு, 1987லும் உண்டு. கபுருக் கல்லில் ஹிஜ்ரி என்ற இஸ்லாமிய ஆண்டு இருக்கும். அதில் வருஷத்துக்குப் பதினோரு நாள் போலக் குறைவு என்பதால் ஒரே எண்ணைக் கூட்டிக் கணக்குப் போட முடியாது. ஹிஜ்ரி 1100 என்பது 1688-89. மாற்று அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாண்டியர் கல்வெட்டு என்றால் பெரும்பாலும் அரசரின் ஆட்சியாண்டு மட்டும் இருக்கும். எந்தச் சுந்தரபாண்டியன், எந்தக் குலசேகரன் என்று தீர்மானிப்பது வல்லுநர் வேலை, அதை அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

எழுத்தே இல்லாத கல்லும் பேசும். திரிசூலம் கீறிய கல் சிவன் கோயில் நிலத்தின் எல்லை. சக்கரம் கீறியது பெருமாள் கோயிலின் திருவாழிக்கல். அது இப்போது நிற்கிற இடம் முதலில் நட்ட இடமாக இருந்தால், அந்தக் கோயிலின் நிலம் எதுவரை போனது என்று ஒரு மூலை உங்கள் கையில் கிடைத்த மாதிரி.

காகிதத்தில் தேடுவது

நேரில் பார்த்ததை வைத்துக்கொண்டு அடுத்து காகிதத்துக்குப் போகலாம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள், கல்வெட்டுத் தொகுதிகள், கருத்தரங்க மலர்கள் எல்லாம் இலவசமாகக் கிடைக்கின்றன. மத்தியத் தொல்லியல் துறை வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளும் ஆண்டறிக்கைகளும் முக்கியம். மாவட்ட விவரங்களைத் தொகுத்து அரசு வெளியிட்ட கெசட்டியரையும் ஒரு தடவை புரட்டுங்கள். அது வந்த 1972ல் ராமநாதபுரம் மாவட்டம் இப்போது இருப்பதைவிடப் பெரியது. சிவகங்கையும் விருதுநகரும் பிரிந்தது 1985ல்தான். அதனால் பழைய புத்தகத்தில் "ராமநாதபுரம் மாவட்டம்" என்று இருந்தால் அது கடற்கரையைத்தான் சொல்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

காகிதம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. திருப்புல்லாணி ஆதிஜகந்நாதப் பெருமாள் கோயிலில் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு ஒன்று உண்டு. பவித்திரமாணிக்கப்பட்டினம் என்ற துறைமுக ஊரில் இருந்த சோனகர் (முஸ்லிம் வணிகர்) பள்ளி ஒன்றுக்கு விட்ட கொடையைப் பற்றியது. பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசல் கொடை! அந்தப் பட்டினம் இன்றைய பெரியபட்டினம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். பெரியபட்டினத்தில் தரையில் சீனப் பீங்கான் துண்டுகள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கல்வெட்டு, பீங்கான், இன்றைய ஊர் மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுதிப் பார்த்தால், அரபு நாட்டுக்கும் சீனத்துக்கும் நடுவில் இருந்த ஒரு துறை கண்ணுக்குத் தெரிகிறது. பெரியபட்டினத்துக்கான முக்கியமான ஆவணத்தைப் பெரியபட்டினத்தில் மட்டும் தேடியிருந்தால் கிடைத்திருக்காது. பக்கத்து ஊர்க் கோயில், பக்கத்து ஊர்ப் பள்ளி, பக்கத்து ஊர்ச் சர்ச் என்று சேர்த்துத் தேடுங்கள்.

நிலப் பதிவேட்டையும் விட்டுவிடாதீர்கள். இடத்தின் சர்வே நம்பர் தெரிந்தால் கிராமத்து நிலக் கணக்கான அ-பதிவேட்டில் அது என்ன வகை என்று பார்க்கலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டாலும் சொல்வார். வெறும் முள்காடாகக் கிடக்கிற இடம் பதிவேட்டில் சத்திரமாகவோ ஊருணியாகவோ மயானமாகவோ இருக்கும். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரைக்கும் இது சேதுபதிகளின் ஜமீன் நிலம் என்பதால், அதற்கு முந்திய கணக்குகளுக்குச் சமஸ்தானப் பதிவுகளையும் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும்தான் நாட வேண்டும். முதல் வருஷத்திலேயே அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஒரு பாதையை எடுத்துக்கொள்ளுங்கள்: சேது வழி

பயிற்சிக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. ராமநாதபுரத்திலிருந்து கிழக்கே உச்சிப்புளி, மண்டபம், தோணித்துறை, கடலைத் தாண்டிப் பாம்பன், அக்காள்மடம், தங்கச்சிமடம், ராமேஸ்வரம், முகுந்தராயர் சத்திரம், தனுஷ்கோடி. மண்டபம், துறை, மடம், சத்திரம் என்று ஊர்ப் பேர்களே வரிசையாக யாத்திரைக்காரனின் நாளைச் சொல்கின்றன. காசியிலிருந்து நடந்து வந்தவன்கூட இந்த வழியில்தான் தங்கி, சாப்பிட்டு, தோணி ஏறி, சேதுவில் முழுகினான். அந்த வழியைக் காத்ததால்தான் சேதுபதி என்ற பட்டமே.

இப்போது அதே பாதையில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்தவற்றைப் பாருங்கள். 1902ல் மதுரையிலிருந்து மண்டபம் வரைக்கும் ரயில் வந்தது. நடக்கிறவர்கள் குறைந்தார்கள், வழியிலிருந்த சத்திரங்களில் அடுப்பு அணைய ஆரம்பித்தது. 1914 பிப்ரவரியில் பாம்பன் ரயில் பாலம் திறந்ததும் தோணித்துறையில் தோணிக்கு வேலை போயிற்று. அதே வருஷம் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. எழும்பூரில் போட் மெயில் ரயில் ஏறியவர் அந்தக் கப்பலில் கடலைத் தாண்டிக் கொழும்பு ரயிலில் உட்கார்ந்துவிடலாம். கோயில் யாத்திரையின் கடைசி மணல்திட்டு, சுங்கமும் தபாலாபீசும் உள்ள எல்லை ஊராக மாறியது இப்படித்தான். இலங்கைத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளிகளைத் தொற்றுநோய்ப் பயத்தில் தடுத்து நிறுத்திச் சோதித்த இடம் மண்டபம் கேம்ப். பின்னால் இலங்கைத் தமிழ் அகதிகள் வந்து சேர்ந்ததும் அதே கேம்புக்குத்தான். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள்; காமிராவோடு உள்ளே நுழையாதீர்கள்.

1964 டிசம்பர் 22 ராத்திரி அடித்த புயல் தனுஷ்கோடியை முடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயில் அலையோடு போனது. பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார்கள், ஊரைத் திரும்பக் கட்டவில்லை. 1988ல் ரோடு பாலம் வந்தது. 2025 ஏப்ரலில் புது ரயில் பாலம் திறந்தார்கள். இந்த ஆண்டுகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பையில் வைத்துக்கொண்டு வழி நெடுக நடந்து பாருங்கள். பார்க்கும் ஒவ்வொரு கட்டடமும் இவற்றில் எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. தனுஷ்கோடியில் தேவாலயத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பாமல் ரயில் நிலையத்தின் மிச்சத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் தேடுங்கள். மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிற குழிகளையும் பாருங்கள்; அந்தத் தண்ணீர் இல்லாமல் அங்கே ஊரே இருந்திருக்காது. சாயங்காலத்துக்கு மேல் போலீஸ் விடமாட்டார்கள், காலையிலேயே கிளம்புங்கள்.

ஆட்களிடம் கேட்பது

"இது எத்தனை வருஷப் பழசு, ஐயா?" என்று கேட்டால், எல்லா ஊரிலும் ஒரே பதில்தான்: "ஆயிரம் வருஷம் இருக்கும்ப்பா." அவர் மேல் குற்றமில்லை, கேள்வி அப்படி. "சின்ன வயசுல தண்ணி எங்க எடுத்தீங்க, அப்பத்தா?" என்று கேட்டுப் பாருங்கள். கிணறு, அதற்குப் போன பாதை, பாதையில் இருந்த மண்டபம், அதில் தங்கின சாமியார் என்று தானாக வரும். வருஷம் தெரியாதவர்களிடம் புயலுக்கு முந்தியா பிந்தியா, கச்சத்தீவு கொடுத்ததற்கு முந்தியா பிந்தியா, ரோடு பாலம் வந்ததற்கு முந்தியா பிந்தியா என்று கேளுங்கள். 1964, 1974, 1988 என்று நமக்கு மூன்று முளைகள் கிடைத்துவிடும். கீழக்கரைப் பக்கம் பெரியவர்களைக் காக்கா என்று கூப்பிட்டால் பேச்சு சுலபமாக ஆரம்பிக்கும். புயலில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்களிடம் அவர்களாகச் சொன்னால் கேளுங்கள். தோண்டித் துருவ வேண்டாம்.

தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும், நவக்கிரகமாக வணங்கும் நவபாஷாணக் கற்கள் ராமர் வைத்தவை என்பார்கள். சேதுக்கரையிலும் திருப்புல்லாணியிலும் இதே மாதிரி கதைகள் உண்டு. மறுத்துப் பேசுவது நம் வேலையே இல்லை. நோட்டில் கதைக்கு ஒரு பக்கம், கல்லில் பார்த்ததற்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக எழுதுங்கள். ஜனங்கள் ஏன் அங்கே திரும்பத் திரும்ப வந்தார்கள் என்பதற்குக் கதைதான் சாட்சி. கல்லை எந்த நூற்றாண்டில் நட்டார்கள் என்பதற்குச் சாட்சி ஆகாது.

போகும்போது கவனிக்க வேண்டியவை

மழை ஐப்பசி, கார்த்திகையில் பிடித்துக்கொள்ளும். தை, மாசி தோதான காலம். கனத்த அடி உள்ள ஷூ போடுங்கள், கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்து மேலே வந்துவிடும். தனியாகப் போகாதீர்கள். மன்னார் வளைகுடாவில் உள்ள 21 தீவுகளும் 1986லிருந்து தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பவளத் துண்டு செத்ததாக இருந்தாலும் எடுத்து வந்தால் வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

காசு, சிலை, பழைய ஓடு எது கண்ணில் பட்டாலும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இடத்தை விட்டு நகர்ந்த ஓடு சாட்சி சொல்லும் தகுதியை இழந்துவிடுகிறது. மண்ணுக்குள்ளிருந்து மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம், இன்றும் நடப்பில் உள்ளது. தாசில்தாரிடமோ தொல்லியல் துறை அலுவலகத்திலோ எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, எழுதி வைப்பது. இடத்துக்கு ஒரு பக்கம் போதும்: ஊர், சர்வே நம்பர், பார்த்த தேதி, அளவுகோலோடு படம், கல் சொன்னது, காகிதம் சொன்னது, ஆட்கள் சொன்னது. ஒரு படியை அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொடுங்கள். அரசுப் பள்ளிகள் சிலவற்றில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் நடத்துகிறார்கள், மாணவர்கள் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வார்கள். முகநூலில் போடுவதானால் தாராளமாகப் போடுங்கள், ஆனால் ஜி.பி.எஸ் புள்ளியைப் போடாதீர்கள். காட்டுக்குள் பழைய கோயில் என்று சேதி பரவினால், புதையல் தோண்டுகிற கூட்டம் கடப்பாரையோடு அங்கே போய்விடும்.